சாம்பிளைத் துவைச்சுப் பாரு, அம்மிணி

அம்மிணி, உங்க யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு, பொஸ்தகம் கட்டுரை அல்லாத்தையும் ஒரே பெட்டியில தேடற டிஸ்கவரி டூல் வாங்கற கமிட்டியில உன்னையும் போட்டிருக்காங்கன்னு உங்கம்மா கைகாட்டி வரைக்கும் போய்ச் சொல்லிப்போட்டு வந்துட்டா. சந்தோசம். கம்பெனிக்காரங்க குடுத்த நோட்டீசு, பைலு, வழவழ காயிதத்துல அச்சடிச்ச பொஸ்தகம் எல்லாத்தையும் நீ திண்ணையில போட்டுட்டுப் போயிட்டே. கடலைக்காட்டுல எனக்கும் சோலி ஒண்ணும் இல்ல. கண்ணாடியப் போட்டுட்டு ஒண்ணு விடாமப் படிச்சுட்டேன். புரியாததை உன்ற தம்பியக் கேட்டேன். காலேஜ் லைப்ரரியில அட்டெண்டரா இருந்து ரிட்டையரானவன் நான். பொஸ்தகத்தச் சொமந்தவனுக்கு அதைப் பத்தி நாயம் பேச ஒரு எடம் இருக்கோணுமில்ல. அதனால உங்கப்புச்சி சொல்றதக் கொஞ்சம் கேளு. கேட்டுப்போட்டு உன் இஷ்டத்துக்குச் செய்யி. எப்பவும் அப்பிடித்தான செய்வே.

வேலை சுளுவா முடியோணும்னா அதுக்கு ஒரு வழி இருக்குது, மொதல்ல அதைச் சொல்லிப்போடறேன். டெமோ காட்ட வர்றவங்கள நல்ல ஓட்டல்ல ஹால் புடிக்கச் சொல்லு. மத்தியானச் சாப்பாடு அவங்க செலவு. புரொஃபசருங்கள முன்வரிசையில உக்கார வை. டை கட்டிட்டு வர்ற பையன் ‘மெஷின் லேர்னிங்’குன்னு இங்கிலீசுல அடிப்பான். கண்ணச் சிமிட்டறதுக்குள்ள லட்சக்கணக்குல ரிசல்ட் கொட்டும். அல்லாரும் கை தட்டுவாங்க. அந்த லட்சத்துல எத்தனையப் படிக்கப்போறோம்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, நீயும் கேட்டுறாத. தரம் பாக்கற நாக் கமிட்டி வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னால ஆர்டர் போடு. துணைவேந்தரக் கூப்பிட்டு மவுஸ் மேல ரிப்பன் கட்டி வெட்டச் சொல்லு, குத்துவெளக்கு ஏத்து, பேப்பர்ல போட்டோ வரட்டும். ஞானம், ஜோதி, சாகரம் இதுல ரெண்டைச் சேத்து ஒரு பேரும் வெச்சிரு. ரிப்போர்ட்டுல எத்தனை தேடல் நடந்துதுன்னு கேட்டா, ஆளுக்கு ஒரு மணி நேரம் சும்மா அடிச்சுட்டு இருங்கன்னு லைப்ரரி ஸ்டாஃப்கிட்டச் சொல்லிரு. எண்ணிக்கை ஏறிரும். உனக்குப் புரமோசனும் வந்தாலும் வரும்.

அப்பிடிச் செய்யற எடங்களும் இருக்குது, பேரு வேண்டாம். உனக்கு அது ஆகாதுன்னா மேற்கொண்டு கேளு.

உன்ற மாமன் ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் பையிங் ஆபீசுல இருந்து ஒரு புள்ள வருமே, பார்த்திருக்கியா? சாம்பிள் பீஸ அயர்ன் பண்ணிக் கவர்ல போட்டுக் குடுப்பான் உன்ற மாமன். அந்தப் புள்ள ‘அழகா இருக்குது’ன்னு ஒரு வார்த்தை சொல்லாது. டேப் வெச்சு அளந்து எழுதிக்கும். வாஷிங் மிசின்ல போட்டு எடுத்துக் காய வெச்சு மறுக்கா அளக்கும். சுருங்குச்சா, சாயம் எறங்குச்சா, பக்கத்துத் தையல் கோணிப் போச்சான்னு பார்த்துப்போட்டுத்தான் ஆர்டர். அயர்ன் பண்ணுன சாம்பிளக் கண்ணால பார்த்து லட்சம் பீஸ் சொல்றவன் திருப்பூர்ல ஒருத்தனும் இல்ல. எட்டாங்கிளாஸ் படிச்ச மொதலாளி கூடச் செய்ய மாட்டான். டாக்டர் பட்டம் வாங்குனவங்க கூடி உக்கார்ற கமிட்டியிலதான் அது நடக்குது. டெமோங்கறது அயர்ன் பண்ணுன பீஸ், கண்ணு. நீ துவைச்சுப் பாரு.

துவைக்கறதுன்னா எப்பிடீங்கறியா? ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி இஸ்யூ கவுண்டர்ல வை. ஒரு மாசத்துக்கு, வர்ற புள்ளைங்க என்ன கேக்கறாங்களோ அதை அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதச் சொல்லு. கவுண்டர்ல நிக்கற பையனத்தான் எழுதச் சொல்லோணும். நீ எழுதுனா அழகா எழுதிப்போடுவே. ‘சாயத் தண்ணி பத்தி ஏதாவது’, ‘பனியன் கம்பெனி லேபர் பிராப்ளம் தீசிஸ்’, ‘போன செமஸ்டர்ல செவப்பு அட்டையில ஒரு எக்கனாமிக்ஸ் புக்கு’ – இப்பிடித்தான் வரும். அந்த நோட்டுதான் உன்ற டேப்பு. டிரையல் குடுக்கற ஒவ்வொரு கம்பெனி மிசின்லயும் அதே கேள்விய, அதே எழுத்துப் பிழையோட அடி.

திருப்பூருங்கற நம்மூரு பேரையே எடுத்துக்க. ரயில்வே ஸ்டேசன் போர்டுல இங்கிலீசுல டிஐஆர்யு போட்டு ரெண்டு ‘பி’. ஏற்றுமதியாளர் சங்கம் தன்ற பேர்ல ஒரே ‘பி’தான் போடுது. டிஎச் போட்டு ஆரம்பிக்கறவங்களும் இருக்காங்க. ஒண்ணை அடிச்சா மத்ததும் வருதா? அவிநாசிக்கும் அதே கதைதான்: வி-க்கு ஐ போடறதா ஏ போடறதான்னு பழைய கெசட்டுக்கும் புதுப் பேப்பருக்கும் ஒத்துப்போகாது. தமிழ்ல ‘திருப்பூர்’னு அடிச்சா என்ன வருதுன்னு கடைசியாப் பாரு, மனசத் தயார் பண்ணிட்டுப் பாரு.

இன்னொரு கேள்வி நானே தர்றேன். ஷரத் சாரின்னு ஒருத்தர் திருப்பூர்ப் பனியன் தொழில் பத்தி ஆராய்ச்சி பண்ணி 2004ல ஒரு பொஸ்தகம் போட்டாரு. ‘ஃப்ரேட்டர்னல் கேபிடல்’னு தலைப்பு. உபதலைப்புல உழவு-தொழிலாளி, சுயமா முன்னேறுன ஆளு, உலகமயம்னு அல்லாம் இருக்குது. திருப்பூரும் இல்ல, பனியனும் இல்ல. நம்ம கவுண்டமாருங்க காட்டுல இருந்து கம்பெனிக்குப் போன கதை பூராவும் அதுலதான் இருக்குது. ‘திருப்பூர் நிட்வேர்’னு அடிக்கற புள்ளைக்கு அந்தப் பொஸ்தகம் மொதப் பக்கத்துல வருதா? வந்துதுன்னா யாரோ ஒரு லைப்ரரியன் ஒழுங்காப் பொருள் தலைப்புப் போட்டிருக்கான்னு அர்த்தம், அந்த மிசின் அதைப் படிக்குதுன்னு அர்த்தம். வரலீன்னா, டை கட்டுன பையனப் பார்த்துச் சிரி. ஒண்ணும் பேசாத, சும்மா சிரி.

அப்பறம் பேரு தெரிஞ்ச பொஸ்தகத்தத் தேடற புள்ளைங்க. நீங்கல்லாம் புதுசு புதுசாக் கண்டுபுடிக்கறதுக்குன்னு வாங்கறீங்க. வர்றதுல பாதிப்பேரு வாத்தியார் சொன்ன ஒரே பொஸ்தகத்துக்குத்தான் வர்றாங்க. தலைப்ப முழுசா அடிச்சாலும் அந்தப் பொஸ்தகம் கீழ போயிரும், அதைப் பத்தி எவனெவனோ எழுதுன மதிப்புரையெல்லாம் மேல உக்காந்துக்கும். ‘நேச்சர்’னு ஒரு பத்திரிகை இருக்குதே, 1869ல இருந்து வருது, அதன் பேர மட்டும் அடிச்சுப் பாரு. இயற்கை பத்தி உலகத்துல எழுதுன அத்தனையும் வந்து, பத்திரிகை வருதான்னு பாக்கலாம்.

இது உள்ளுக்குள்ள எப்பிடி ஓடுதுன்னு உன்ற தம்பி சொன்னது எனக்குப் பிடிச்சுது. முந்தியெல்லாம் நீ ஒண்ணக் கேட்டா, அந்த மிசின் ஒவ்வொரு டேட்டாபேசா ஓடிப்போய்க் கேட்டுட்டு வருமாம். எது மெதுவோ அதுக்காக அல்லாம் காத்திருக்கோணும். 2009, 2010 வாக்குல சம்மன், எப்ஸ்கோ டிஸ்கவரின்னு வந்ததெல்லாம், பதிப்பகத்துக்காரங்ககிட்ட இருந்து விவரத்த முன்கூட்டியே வாங்கி ஒரே எடத்துல குவிச்சு வெச்சுக்குது. மத்திய இண்டெக்ஸ்னு பேரு. அதோட உங்க லைப்ரரி கேட்லாக்கும் சேந்துக்கும். அதுனாலதான் சட்டுன்னு வருது. சட்டுன்னு வர்ற பதில்ல ஒரு சூட்சுமம் இருக்குது: குவியல்ல இல்லாதது உலகத்துலயே இல்லாத மாதிரி ஆயிரும். தேடற புள்ளைக்கு எது விட்டுப்போச்சுன்னு தெரியவே தெரியாது. அதனால ‘எத்தனை கோடி ரெக்கார்டு’ன்னு கேக்காத. ‘நாங்க படிக்கற இந்த இருநூறு பத்திரிகையில எது எது இல்ல, எதுக்கு வெறுந்தலைப்பு மட்டும், எதுக்கு உள்ளடக்கம் முழுசும் தேடலாம்’னு லிஸ்டுக் குடுத்துக் கேளு. பதில எழுத்துல வாங்கு. வாயில சொல்றதெல்லாம் சாப்பாட்டோட செரிச்சிரும்.

குவிக்கறவனே விக்கறவனாவும் இருக்கான், அது இன்னொரு சங்கதி. சம்மன் சீரியல்ஸ் சொல்யூசன்ஸ் போட்டது, அந்தக் கம்பெனி புரோக்வெஸ்ட்டோடது. பிரைமோ எக்ஸ் லிப்ரிசோடது. 2015ல எக்ஸ் லிப்ரிச புரோக்வெஸ்ட் வாங்குச்சு, 2021ல புரோக்வெஸ்டக் கிளாரிவேட் வாங்குச்சு. ஆக ரெண்டும் இப்ப ஒரே ஊட்டுது. எதிர் ஊடு எப்ஸ்கோ. ரெண்டு ஊட்டுக்காரங்களும் சொந்தமா டேட்டாபேசும் விக்கறாங்க. ஒருத்தரோட சரக்கோட விவரத்த இன்னொருத்தருக்குக் குடுக்கறதுல வருசக்கணக்கா முறுக்கிட்டுக் கெடந்தாங்க. நடுவுல அகப்பட்டது லைப்ரரிதான். பஞ்சாயத்துக்கு அமெரிக்காவுல நைசோங்கற தர அமைப்பு உக்காந்து, யார் எதைக் குடுக்கறாங்க, எதை மேல காட்டறாங்கன்னு வெளிப்படையாச் சொல்லோணும்னு 2014ல ஒரு பரிந்துரை போட்டுது. ஓப்பன் டிஸ்கவரி இனிசியேட்டிவ்னு பேரு. ‘அதுப்படி நடக்கறோம்னு உங்க கம்பெனி அறிக்கை குடுத்திருக்குதா, காட்டுங்க’ன்னு கேளு. உனக்கு இது தெரியும்னு தெரிஞ்சாலே வெலையில பத்துப் பெர்சண்ட் எறங்கும், பந்தயம்.

வெலைன்னதும் நாபகம் வருது. பத்திரிகைக்குன்னு உங்களுக்கு இப்பப் பெருசாச் செலவில்லீல்ல? ‘ஒரே நாடு ஒரே சந்தா’ன்னு 2024 நவம்பர் 25ஆந் தேதி மத்திய அமைச்சரவை ஒத்துக்கிட்டுது. மூணு வருசத்துக்கு 6,000 கோடி ரூவா, 30 பதிப்பகம், ஏறக்குறைய 13,000 பத்திரிகை, 6,300க்கு மேல அரசு நிறுவனங்க. 2025 ஜனவரியில ஆரம்பமாச்சு. காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்துது. முந்தி நாலு பத்திரிகைக்கு நாக்கத் தொங்கப் போட்டுட்டு இருந்த புள்ளைங்களுக்கு ஒரே ராத்திரியில பதிமூணாயிரம். அதுல தனக்கு வேணும்கறது இருக்குதுன்னே அவங்களுக்குத் தெரியாது. இந்த எடத்துலதான் நீ வாங்கப்போற சாமானுக்கு வேலை. அந்தச் சந்தாவுல உள்ளது பூராவும் ‘இது நமக்குத் தொறக்கும்’னு அந்த மிசினுக்குத் தெரியோணும். தெரிய வெக்கறது யாரு, மாசா மாசம் லிஸ்டு மாறுனா மாத்தறது யாரு, உங்க ஆளா, அவங்க ஆளா? இதக் கேக்காம வாங்குன எடத்துல, புள்ள கட்டுரையக் கண்டுபுடிச்சு அமுக்குனா, முப்பது டாலர் குடுன்னு ஒரு பக்கம் வந்து நிக்குது. அரசாங்கம் ஏற்கெனவே காசு கட்டுன கட்டுரை அது.

தேடுனதுல இருந்து கட்டுரைக்குக் கூட்டிட்டுப் போற அந்தக் கம்பி இருக்குதே, ஓப்பன்யூஆர்எல், பெல்ஜியத்துல கென்ட் யுனிவர்சிட்டி லைப்ரரியில வேலை பார்த்த ஹெர்பர்ட் வான் டி சோம்பல் 1990கள் கடைசியில யோசிச்சது. ஒரு லைப்ரரிக்காரன்தான் யோசிச்சான், பார்த்துக்க. அந்தக் கம்பி அறுந்திருக்குதான்னு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாக்காத. ராத்திரி பத்து மணிக்கு லேடீஸ் ஹாஸ்டல் மொட்டைமாடியில நின்னு, ஒரு பழைய செல்லுல, இருவது கட்டுரையத் தொறந்து பாரு. எத்தனை தொறக்குதோ அதுதான் மார்க்கு.

இனித் தமிழுக்கு வர்றேன். இங்கதான் சாயம் பூராவும் எறங்கும்.

‘கொங்கு’ன்னு எழுதறோம். அந்தக் கொகரத்து ஒகரக் குறிய மிசினுக்குள்ள ஒரே குறியாவும் எழுதலாம், எகரக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியாவும் எழுதலாமாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணாக்கிப் பார்க்கச் சொல்லித் தராத மிசினுக்கு ரெண்டும் வேற வேற ஊரு. உன்ற தம்பி செல்லுல காட்டுனான், எனக்குச் சிரிப்பு அடங்கல. அது கெடக்கட்டும், உங்க லைப்ரரி பழைய ரெக்கார்டுல எத்தனை யூனிகோடுக்கு முந்துன ஃபாண்டுல அடிச்சது? தமிழ்நாடு அரசே 2010லதான் யூனிகோடத் தரம்னு ஏத்துக்கிட்டு ஆணை போட்டுது. பாமினி மாதிரி ஃபாண்டுல அடிச்சது கம்ப்யூட்டருக்கு இங்கிலீசு எழுத்துக் குப்பையாத்தான் தெரியும். அதை எந்தக் கம்பெனி இண்டெக்சும் தமிழ்னு படிக்காது.

இன்னும் சில லைப்ரரியில தமிழ்ப் பொஸ்தகத்த இங்கிலீசு எழுத்துல ஏத்தி வெச்சிருக்காங்க. அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கணக்குப்படி எழுதுனா சிலப்பதிகாரம் ‘எஸ்’ஸுல ஆரம்பிக்காது, ‘சி’ங்கற இங்கிலீசு எழுத்துல ஆரம்பிக்கும். நம்ம புள்ள ‘எஸ்’ தான் போடும். இளங்கோவடிகளே வந்து தேடுனாலும் ‘ரிசல்ட் இல்லை’ன்னுதான் வரும். ஆசிரியர் பேருல பாரு: புதுமைப்பித்தனுக்குச் சொந்தப் பேரு சொ. விருத்தாசலம். மறைமலையடிகளுக்கு முந்தி வேதாசலம். உ.வே.சா.ன்னு ஒருத்தன் ஏத்துவான், சாமிநாதையர்னு ஒருத்தன், ஸ்வாமிநாத ஐயர்னு ஒருத்தன். புள்ளிக்கு அப்பறம் எடைவெளி விட்டா அது நாலாவது ஆளு. இதெல்லாம் ஒரே ஆளுன்னு ஒரு தடவை உக்காந்து கட்டி வெக்கோணும். அத்தாரிட்டி ஃபைல்ம்பீங்க நீங்க. பீஸ் ரேட்டுக்கு டேட்டா என்ட்ரி பண்ண வந்த புள்ளைங்க, பாவம், ஒரு ரெக்கார்டுக்கு இத்தனைன்னு பேசி வந்ததுங்க, தலைப்பு போற எடத்துல ஆசிரியரையும், ஆசிரியர் போற எடத்துல பதிப்பகத்தையும் போட்டுட்டுக் காசு வாங்கிட்டுப் போயிட்டுதுங்க. பெரிய கம்பெனி மிசின் அந்தத் தப்பத் திருத்தாது. அதைப் பளபளன்னு, வேகமா, செல்லுலயும் காட்டும்.

அதனால, கண்ணு, கொள்முதலுக்கு ஒதுக்குன பணத்துல ஒரு பங்க கேட்லாக்கத் திருத்தறதுக்குன்னு முதல்லயே தனியா எழுதி வாங்கு. கமிட்டியில ‘அது ஸ்டாஃப் வேலை, அதுக்கு எதுக்குக் காசு’ம்பாங்க. அதுக்குத் திறப்பு விழா நடத்த முடியாது, அதான் அவங்களுக்கு வருத்தம். விடாத.

தமிழ்க் கட்டுரை, சிறுபத்திரிகை, பழைய மாநாட்டு மலர் இதெல்லாம் அந்த வெளிநாட்டுக் குவியல்ல தேடாத. தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்துக்காரங்க 2005ல இருந்து சேக்கற நூலகம் தளம், தீசிசுக்கு இன்ஃப்ளிப்நெட்டோட சோத்கங்கா, அதுக்கு மேல காரக்பூர் ஐஐடி கட்டுன தேசிய மின்னூலகம் – இதுகளோட விவரத்த உங்க தேடுபெட்டிக்குள்ள இழுக்க முடியுமான்னு கேளு. ‘முடியும், தனிச் சார்ஜ்’ம்பான். தனிச் சார்ஜ் எத்தனைன்னு அப்பவே எழுதிக்க. முடியலீன்னா, பெட்டிக்குக் கீழயே அஞ்சு கட்டமாப் போட்டு வை, அமுக்கட்டும்.

ஓசிக்கு ஒண்ணு இருக்குதேன்னு உன்ற தம்பி குதிக்கறான். இருக்குது. வியூஃபைண்டுன்னு, அமெரிக்காவுல வில்லனோவா யுனிவர்சிட்டி லைப்ரரிக்காரங்க தங்களுக்குன்னு எழுதி ஊருக்கெல்லாம் குடுத்தது. உங்க கேட்லாக் கோஹாங்கற சாஃப்ட்வேர்ல இருந்தாலும் அது மேல உக்காந்துக்கும். தமிழுக்கு ஏத்த மாதிரி உள்ள கைய விட்டுத் திருத்தலாம், அது பெரிய கம்பெனி சாமான்ல நடக்காது. ஆனாப் பத்திரிகைக் கட்டுரைக் குவியல் அதுல கெடையாது. அது வேணும்னா காசுக்கு வாங்கித்தான் ஒட்டோணும். சர்வர் பாக்க ஒரு ஆளு வேணும். அந்த ஆளுக்குத் திருப்பூர்லயோ கோயமுத்தூர்லயோ எச்சாச் சம்பளம் கெடைச்சு ஓடிப்போனா, அன்னைக்குப் பொழுதோட உங்க தேடுபெட்டியும் படுத்துக்கும். ஓசிங்கறது வாங்கற அன்னைக்கு மட்டுந்தான். இருந்தாலும் உங்க லைப்ரரிக்குத் தமிழ்ப் பொஸ்தகமே எச்சுன்னா, என்ற ஓட்டு அதுக்குத்தான்.

ஒண்ணுமே வாங்காம இருக்கறதும் ஒரு வழிதான், அதையும் கமிட்டியில சொல்லு, மூஞ்சியப் பாரு. நெதர்லாந்துல உட்ரெக்ட் யுனிவர்சிட்டி லைப்ரரிக்காரங்க ஒமேகான்னு தங்களே செஞ்சு வெச்சிருந்த தேடு மிசின நிறுத்திப்போட்டு, வேற ஒண்ணும் வாங்கலியாமா. புள்ளைங்க எப்பிடியும் கூகுள் ஸ்காலர்லதான் தேடறாங்க, அவங்க தேடற எடத்துல இருந்து நம்ம பத்திரிகைக்கு வழி தொறந்து வெச்சா போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. கூகுள் ஸ்காலர் 2004ல வந்தது, காசு கேக்கறதில்ல. இதைச் சொன்னா உங்க டீன் தலைய ஆட்டுவாரு, செலவு மிச்சம்னு. அப்பப் பதிலுக்கு ஒண்ணு சொல்லு: கொங்கு வரலாறு பத்தி உங்க மூணாவது மாடியில தூசி படிஞ்சு கெடக்கற பொஸ்தகம் அங்கயே இருக்குதுன்னு கூகுளுக்குத் தெரியாது. அது தெரிஞ்ச ஒரே ஜீவன் உங்க கேட்லாக்தான்.

நம்மாளு ஒருத்தரு இதையெல்லாம் ஒரு கம்ப்யூட்டரும் இல்லாம யோசிச்சாரு. சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாரு. 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு லைப்ரரியனாப் போனாரு. போன கொஞ்ச நாள்லயே சும்மா உக்காந்திருக்க முடியல, பழையபடி கணக்கே சொல்லித் தர்றேன்னு நின்னவரு. லண்டனுக்கு அனுப்பி வெச்சாங்க. அங்க கடையில மெக்கானோ வெளையாட்டுச் சாமானக் கோத்துக் காட்டுனதப் பார்த்துத்தான் பொஸ்தகத்தப் பிரிச்சு அடுக்கற யோசனை வந்துதாமா. 1933ல அது கோலன் பகுப்பு முறையா வந்துது. 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதுனாரு. வாசகனோட நேரத்த மிச்சம் பண்ணோணும்கறது நாலாவது. அதே வருசம் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில பொஸ்தகம் ஏத்திக் கிராமத்துக்கு அனுப்புனாங்க, அதுலயும் அவர் கை இருந்துது. வாசகன் எங்க நிக்கறானோ அங்க போ – அதுக்கு மேல உங்க நோட்டீசுல ஒண்ணும் இல்ல, அம்மிணி. வழவழக் காயிதந்தான் எச்சு.

வாங்கியாச்சுன்னு வெச்சுக்க. ஊருக்குள்ள எப்பிடி எறக்கறதுன்னு சொல்றேன், இது கொஞ்சம் குசும்பு வேலை.

வெளிய விடறதுக்கு முன்னால ஒவ்வொரு டிபார்ட்மெண்ட் ஹெச்ஓடி பேரையும் அடிச்சுப் பாரு. அவர் எழுதுன கட்டுரை வருதா? வரலீன்னா வர்ற மாதிரி பண்ணிப்போட்டு அப்பறம் தொற. ஏன்னா, அவர் அதுல மொதல்ல தேடப்போறது தன்ற பேரத்தான். வந்துதுன்னா ‘நல்ல டூல்’னு செனட்டுல பேசுவாரு. வரலீன்னா அன்னைக்கே அதுக்குச் சங்கு. நீ நூறு டிரெய்னிங் வெச்சாலும் எந்திரிக்காது.

மொத டிரெய்னிங் புரொஃபசருக்கில்ல, கவுண்டர் பையனுக்கு. அப்பறம் அட்டெண்டருக்கு. சிரிக்காத. புள்ளைங்க வெக்கப்படாமக் கேக்கறது அவங்ககிட்டத்தான். லைப்ரரியன் ரூம் கண்ணாடிக் கதவத் தட்டிக் கேக்கறவன் நூத்துல ஒருத்தன். அதுக்கடுத்து ஆராய்ச்சி மாணவருங்க. அவங்களுக்குக் குத்தம் கண்டுபுடிக்கற பழக்கம் இருக்குது, ஓட்டையெல்லாம் ஒரு வாரத்துல சொல்லிப்போடுவாங்க. நாக் வர்ற தேதிக்குத் தொறக்காத, செமஸ்டர் தொடங்கறப்பச் சத்தமில்லாமத் தொற. பழைய கேட்லாக்க ஒடனே மூடாத. ஒரு செமஸ்டர் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். வெப்சைட்டுல அந்தப் பெட்டிய நட்டநடுவுல போடு. துணைவேந்தர் போட்டோ, நிறுவனர் போட்டோ, ஓடற எழுத்து இதுக்கெல்லாம் கீழ ஒளிச்சு வெச்சா, அதைத் தேடறதுக்கு இன்னொரு டிஸ்கவரி டூல் வாங்கோணும்.

பெட்டிக்குள்ள ஒண்ணுமே வராமப் போன தேடல் பூராவும் உள்ள பதிவாகும். அதை வாரத்துக்கு ஒருக்கா எடுத்துப் படி. எத்தனை பேரு தேடுனாங்கங்கற கணக்க நாக்குக்குக் குடு, என்ன தேடி வரலீங்கறத நீ வெச்சுக்க. அடுத்த வருசம் எந்தப் பொஸ்தகம் வாங்கறது, எந்தப் பேருக்கு எழுத்துப் பிழையச் சேத்துக் கட்டறதுன்னு அதுல இருக்கும்.

ஒப்பந்தத்துல மூணு சங்கதி பாக்காமக் கையெழுத்துப் போடாத. மொத வருசச் சலுகை முடிஞ்சு ரெண்டாவது, மூணாவது வருசம் எத்தனை ஏத்துவான்னு நெம்பரா இருக்கோணும். நாளைக்கு வேண்டாம்னா, நீங்க திருத்துன விவரம் பூராவும் திரும்பக் குடுக்கறேன்னு எழுதியிருக்கோணும். புள்ளைங்க என்ன தேடறாங்கங்கற பதிவு யாருகிட்ட இருக்கும், அதை வெச்சு அவங்க என்ன பண்ணுவாங்கன்னும் கேட்டுக்க.

கடைசியா, ‘எல்லாஞ் சரி, ஆனா கம்மி வெலை சொன்ன எல்-1 யாரோ அவங்களுக்குத்தான் குடுக்க முடியும், ரூல் அப்பிடி’ன்னு ஃபைனான்ஸ் ஆபீசர் சொல்லுவாரு. அவர் மேல தப்பில்ல. மலிவா வந்ததக் கடைசியில வேண்டாம்னு சொல்ல வழியில்ல. மொதல்லயே வடிகட்டறதுக்கு வழி இருக்குது. டெண்டர் ரெண்டு கவர்ல கேக்கறதுதான? அந்த டெக்னிகல் கவர் நிபந்தனையில, ‘எங்க நோட்டுல உள்ள கேள்விகள், அதுல பாதி தமிழ்ல, எங்க கம்ப்யூட்டர்ல, எங்க ஆள் அடிச்சு, இத்தனை மார்க் வாங்கோணும், வாங்காதவங்க வெலைக் கவரப் பிரிக்க மாட்டோம்’னு போடு. டெண்டர் இன்னும் வெளிய போகலீன்னு உங்கம்மா சொன்னா. கவுண்டர்ல நோட்ட நாளைக்கே வை.